மலிவுக் கடையில் மாதச் சாமான்: மன்னாரில் மிச்சம் பிடிக்கும் வழி

மன்னார்த் தீவுக்குள் ஒரு மூடை சீனி வந்துசேர வேண்டுமென்றால், அது தள்ளாடிப் பக்கமிருந்து தாம்போதியில் ஏறி, பாலத்தைக் கடந்துதான் வரவேண்டும். 1990இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு லொறிகள் வந்தன, பெயர்பெற்ற சுப்பர்மார்க்கெற் வந்தது, கூடவே விலைக்கழிவு அறிவித்தல்களும் வந்தன. அதே தீவில், பேசாலைக் கரையில் விடியற்காலையில் ஏறும் சூடை மீனுக்கு லொறியும் வேண்டாம், பாலமும் வேண்டாம்.

இந்த அத்தியாயத்தின் வழிமுறைகள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. பாலம் கடந்து வரும் சாமானை மலிவுக் கடையில் வாங்குங்கள். கரையேறியதையும் வயலில் விளைந்ததையும் அங்கே தேடிப் போகாதீர்கள். சீனி, பருப்பு, கோதுமை மா, பால்மா, சவர்க்காரம், சலவைத்தூள் போன்றவற்றை ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்பவர் மலிவாக விற்க முடியும். மீன், கருவாடு, நானாட்டான் அரிசி, பனங்கட்டி ஆகியவற்றில் அந்தப் பெரிய கொள்முதலுக்கு மன்னாரில் வேலையே இல்லை.

மிச்சம் பிடிப்பதை இன்று யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பின்னர் பணவீக்கம் இறங்கியது, ஆனால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாகியது. ஆகவே நேரே வேலைக்கு வருவோம்.

எந்தக் கடை எதற்கு

லங்கா சதொச அரசின் கடை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தின் வழிவந்தது. அரிசி, சீனி, பருப்பு, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, நெத்தலிக் கருவாடு, ரின் மீன் ஆகியவற்றின் விலை குறைக்கப்பட்டதாகச் செய்தியில் அடிக்கடி கேட்பது இந்தக் கடையைப் பற்றித்தான். மன்னாரில் சதொச என்றதும், 2018இல் அதன் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட மனிதப் புதைகுழியும், அங்கிருந்து எடுக்கப்பட்ட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளுமே பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அதை ஒரு விலைப்பட்டியலின் ஓரத்தில் பேசிக் கடக்க முடியாது. இங்கே சொல்லக்கூடியது கடையைப் பற்றி மட்டும்: விலை குறைத்த பொருள்தான் முதலில் தீரும். செய்தி கேட்ட அன்றோ மறுநாளோ போங்கள், ஒரு கிழமை கழித்துப் போகாதீர்கள்.

சங்கக்கடை, அதாவது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. வயதானவர்கள் சிலர் இன்னமும் கூப்பன் கடை என்றே சொல்வார்கள். பங்கீட்டு அரிசிக் காலமும், இடப்பெயர்வுக் காலத்து உலர் உணவு நிவாரணமும் இதே கடை வாசல்களில்தான் வரிசை கண்டன. கிராமத்துக்கு அருகில் இருப்பது இதன் பெரிய பலம், பஸ் காசு மிச்சம். அங்கத்தவராக இருந்தால் பொதுக்கூட்டத்தில் எழுந்து ‘ஏன் பருப்பு இங்கே விலை கூட?’ என்று கேட்கவும் உரிமை உண்டு. எந்தச் சுப்பர்மார்க்கெற்றும் அந்த உரிமையைத் தராது.

கார்கில்ஸ் நிறுவனம் 1844இல் தொடங்கியது. அதன் முதல் பூட் சிற்றி 1983இல் கொழும்பு ஸ்ரேபிள் வீதியில் திறக்கப்பட்டது. பளபளப்பான கடை என்பதற்காக எல்லாம் விலை கூட என்றும், கழிவு அறிவித்தல் தொங்குகிறது என்பதற்காக எல்லாம் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். இவ்வகைக் கடைகளில் மிச்சம் இரண்டு இடங்களில் இருக்கிறது: சலவைத்தூள், சவர்க்காரம், பற்பசை போன்றவற்றுக்கு வரும் கம்பனிக் கழிவு, கடைக்காரரின் சொந்தப் பெயரில் வரும் பொருள். கார்கில்ஸ் என்றால் கிஸ்ற் ஜாம், கொத்மலைப் பால் போன்றவை.

கடைத்தெரு மொத்தக் கடைகளை மறந்துவிடாதீர்கள். 25 கிலோ மூடையாகவோ, பெட்டிக் கணக்கிலோ வாங்கினால் சில வேளை சுப்பர்மார்க்கெற்றையும் வென்றுவிடும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு மூடை மா எதற்கு? இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்தால்தான் அது சரிவரும்.

ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் உறவினர்கள் மடுத் திருநாளுக்கு வரும்போது கொண்டுவரும் சொக்கிலேற்றின் உறையில் பலர் பார்த்திருக்கும் பெயர்கள் அல்டியும் லீடிலும். அல்டி எஸன் நகரில் 1913இல் தொடங்கிய ஒரு சிறிய குடும்பக் கடையின் வளர்ச்சி. அவர்களின் வித்தை எளியது: ஒரே பொருளில் பத்துப் பெயர் வைக்காமல் ஓரிரண்டு மட்டும் வைப்பது, பெட்டியைக் கிழித்து அப்படியே தட்டில் வைப்பது, சொந்தப் பெயரில் பொதி செய்விப்பது, குறைந்த ஆட்களை வைத்துக் கடை நடத்துவது. மன்னாரில் அப்படி ஒரு கடை இல்லை. ஆனால் அந்தக் கண்ணோடு கடைக்குள் போகலாம். விளம்பரச் செலவு இல்லாத பொருள், அலங்காரம் இல்லாத பொதி, கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தட்டு. மிச்சம் இருப்பது அங்கேதான்.

போவதற்கு முன்

1. விலைக் கொப்பி ஒன்றைத் தொடங்குங்கள். பிள்ளையின் எழுதாமல் மிஞ்சிய பள்ளிக்கூடக் கொப்பி போதும். மாதந்தோறும் வீட்டில் தீரும் சாமான்களில் இருபதை மட்டும் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் ஊர்க்கடை, சங்கக்கடை, சதொச, சுப்பர்மார்க்கெற் என்று நான்கு கோடு. பார்த்த விலையோடு திகதியையும் போடுங்கள். திகதி இல்லாத விலையால் பயன் இல்லை. 2023 நவம்பர் தொடக்கத்தில் சீனிக்கான விசேட பண்ட அறவீடு கிலோவுக்கு 25 சதத்திலிருந்து ஒரே நாளில் 50 ரூபாவாக ஏறியது. முதல் நாள் எழுதிய விலை மறுநாள் செல்லாது.

2. எல்லாவற்றையும் 100 கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு மாற்றி எழுதுங்கள். 400 கிராம் பால்மா 1,100 ரூபா, ஒரு கிலோ 2,650 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சிறியதில் 100 கிராம் 275, பெரியதில் 265. கிலோவுக்கு 100 ரூபா வித்தியாசம். கைத்தொலைபேசியில் கணக்குப் பார்க்க அரை நிமிடம் போதும். ஊர்க்கடையில் சுண்டுக் கணக்கில் வாங்குபவர்கள் ஒருமுறை அந்தச் சுண்டை நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் என்று தெரியாமல் எந்த விலையையும் ஒப்பிட முடியாது.

3. குசினியைப் பாருங்கள். என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போனால், மூன்று போத்தல் சோயா சோஸ் இருக்கும் வீட்டுக்கு நாலாவதும் வந்து சேரும்.

4. பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று கட்டாயம் வேண்டியது. மற்றது ‘விலை சரியென்றால் மட்டும்’. இரண்டாவது பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே கொப்பியிலுள்ள மிகக் குறைந்த விலையை எழுதுங்கள். கடையில் அதற்கு மேல் என்றால் தொடாதீர்கள்.

5. பயணத்தை வேறு வேலையோடு சேருங்கள். ஆஸ்பத்திரி கிளினிக், வங்கி, பிரதேச செயலகம் என்று எப்படியும் ரவுணுக்குப் போகும் நாள்தான் சாமான் நாள். வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அங்கே கடைகள் பெரிதென்று சாமானுக்காகவே போகும் குடும்பம், மிச்சத்தை மதவாச்சி வீதியிலேயே விட்டுவிட்டு வருகிறது.

6. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு தள்ளுவண்டியைப் பிடித்தவர் பிஸ்கற் தட்டைத் தாண்டுவது கடினம்.

பேசாலை வீடு ஒன்றின் கணக்கு

ஐந்து பேர் கொண்ட ஒரு மீன்பிடிக் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விலைகள் கற்பனை, கணக்கு உண்மை. ஊர்க்கடையோடு ஒப்பிட்டால் மன்னார் ரவுணில் சீனி கிலோவுக்கு 15 ரூபா குறைவு, மாதம் 4 கிலோ: 60. பருப்பு 25 ரூபா குறைவு, 3 கிலோ: 75. கோதுமை மா 20 ரூபா குறைவு, 5 கிலோ: 100. ரின் மீன் 40 ரூபா குறைவு, 4 ரின்: 160. சவர்க்காரம், சலவைத்தூளில் 150. மொத்த மிச்சம் 545 ரூபா.

இனிக் கழித்தல். போகவர பஸ் 200 என்று வைத்தால் மிஞ்சுவது 345. கூட வந்த பிள்ளைக்கு ஐஸ்கிறீம், தாகத்துக்கு ஒரு போத்தல் சோடா, இரண்டுக்கும் 300. இப்போது மிச்சம் 45 ரூபா. சுமை கூடிவிட்டது என்று ஓட்டோ பிடித்தால் 45 ரூபாவும் போய், கையிருப்பிலும் ஆயிரத்துக்கு மேல் கரையும்.

அதே கணக்கை மூன்று வீடுகள் சேர்ந்து போடட்டும். ஒருவர் மட்டும் பஸ்ஸில் போகிறார், மூன்று பட்டியலோடு. மிச்சம் 1,635, பஸ் 200. வீட்டுக்கு 478 ரூபா. மூன்று வீட்டுச் சாமான் 40 கிலோவைத் தாண்டும் என்பதால் ஒருவர் தூக்க முடியாது. இரண்டு பேர் போனாலும் வீட்டுக்கு 400க்கு மேல் நிற்கிறது. முறை வைத்துப் போகலாம். பில்லைத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், பின்னால் சண்டை வராது.

தலைமன்னாரில் இருப்பவர்களுக்குத் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பு. அவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கெட்டுப்போகாத சாமானுக்கு மட்டும் ரவுணுக்குப் போய், மற்றதைச் சங்கக்கடையில் பார்த்துக்கொள்வதே சரி. முருங்கன், நானாட்டான், சிலாவத்துறைக்காரர்களும் இதே கழித்தலைத் தங்கள் பஸ் காசோடு போட்டுப் பார்க்கட்டும்.

கடைக்குள் போன பிறகு

1. தள்ளுவண்டியை விட்டுக் கைக்கூடையை எடுங்கள். கை நோகும்போது தேவையில்லாதது தானாகத் தட்டுக்குத் திரும்பும்.

2. முதலில் பட்டியலின் கட்டாயப் பகுதி. வாசலில் குவித்திருக்கும் விசேட விலைக் குவியலைத் தாண்டிப் போங்கள். திரும்பி வரும்போது காசும் ஆசையும் மிஞ்சியிருந்தால் பார்க்கலாம்.

3. மேலே, கீழே, பின்னே பாருங்கள். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டு இலாபம் கூடிய பொருளுக்குரியது. பின்வரிசையில் இருப்பது பெரும்பாலும் புதிய திகதி.

4. பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையையும் தட்டில் ஒட்டியிருக்கும் விலையையும் ஒப்பிடுங்கள். ‘கழிவு’ என்று சிவப்பில் எழுதியிருப்பது சில சமயம் அந்த அச்சு விலையிலிருந்து இரண்டு மூன்று ரூபாதான். ஊர்க்கடை முதலாளி அதைவிடக் குறைத்துத் தருவார்.

5. நிறையை வாசியுங்கள். பொதி பழைய அளவிலேயே தெரியும், உள்ளே 100 கிராம் 90 ஆகியிருக்கும். ரின் மீனில் மொத்த நிறை 425 கிராம் என்று பெரிதாகவும், தண்ணீர் வடித்த பின் மீனின் நிறை சிறிதாகவும் இருக்கும். வாங்குவது மீனையா தண்ணீரையா என்பதைச் சிறிய எழுத்துத்தான் சொல்லும்.

6. கட்டுப்பாட்டு விலையை மனதில் வைத்திருங்கள். 2024 டிசெம்பர் வர்த்தமானியில் உள்ளூர் அரிசிக்கு விதித்த உச்ச விலை: பச்சை அரிசி 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச்சம்பா 260 ரூபா. இவை மாறக்கூடியவை, வானொலிச் செய்தியில் கேட்டதும் கொப்பியில் திருத்துங்கள். பாணுக்கும் இப்படித்தான்: 2024 பெப்ரவரி முதல் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும்.

7. பையைக் கொண்டுபோங்கள். 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையை இலவசமாகத் தரக்கூடாது, அதன் விலையும் பில்லில் விழும். பனையோலைக் கூடையும் உமலும் முடையும் தீவில் பொலித்தீனுக்குக் காசு கொடுப்பது அநியாயம்.

8. காசு கட்டும் இடத்தில் திரையைப் பாருங்கள், தொலைபேசியைப் பார்க்காதீர்கள்.

குறிப்பு: வங்கி அட்டைக்கு 20, 25 சதவீதக் கழிவு என்ற அறிவித்தல்கள் பெரிய சங்கிலிக் கடைகளில் வழமை. பெரும்பாலும் குறிப்பிட்ட நாளில், மரக்கறி, பழம், மீனுக்குத்தான் வரும். அறிவித்தலின் அடியில் குறைந்தபட்ச பில் தொகையும், கழிவின் உச்ச வரம்பும் எழுதியிருக்கும். கொழும்புக் குடும்பத்துக்கு அது நல்ல சந்தர்ப்பம். ஏலக்கரைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பவருக்கு, மீன் கழிவுக்காகக் கடனட்டை எடுப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

அங்கே வாங்கக் கூடாதவை

மீன். கரையில் ஏலம் முடிந்து, கூறு போட்டு விற்கும் நேரம் பாருங்கள். வியாபாரிகள் பெரிய மீனை ஐஸ் பெட்டியில் ஏற்றியபின் கரையில் மிஞ்சும் சூடை, சாளை, கலவன் மீன் கூறுகள் வெயில் ஏற ஏற விலை இறங்கும். ஆனால் வெயில் ஏற ஏற மீனும் பழுதாகும். செவுள் சிவப்பும் கண் பளபளப்பும் இருந்தால் மட்டும் எடுங்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க ஊர்களில் மீனுக்குத் தேவை கூடும், வியாழன் வாங்கி வைத்தால் நல்லது.

அரிசி. இதற்குச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டுச் செலவில் பெரிய துண்டு இதுதான். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் பக்கம் விளையும் நெல், காலபோக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச்சில் மலிவாகக் கிடைக்கும். அந்த நெல்லைத்தான் வெளிமாவட்ட ஆலைகளும் வாங்குகின்றன. பிறகு அரிசியாகிப் பொதிக்குள் புகுந்து, லொறிக் கூலியோடும் பெயரோடும் கடைத் தட்டுக்கு வருகிறது. அறுவடை மாதத்தில் தெரிந்த விவசாயியிடம் காய்ந்த நெல்லாக வாங்கி, தேவைக்கேற்பக் குத்துவிக்கும் வீடுகள் பெருநிலப்பரப்பில் இன்னும் உண்டு. தவிடும் குறுநலும் கோழிக்கு ஆகும். தீவுப்பக்கத்தவர்கள் உள்ளூர் ஆலையில் 25 கிலோ மூடையாக எடுப்பது இலகு. முதலில் ஒரு கிலோ வாங்கிச் சோறாக்கிப் பார்த்துவிட்டு மூடைக்குப் போங்கள். ஈரம் போகாத அரிசியைச் சேமித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடையவேண்டும்.

கருவாடு, ஒடியல், பனங்கட்டி ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடம் எடுங்கள். பொதி செய்த கருவாட்டில் மணலும் உப்பும் எவ்வளவு என்று பொதி சொல்லாது.

உப்பில் மட்டும் அவதானம். மன்னாரில் உப்பளம் இருக்கிறது என்பதற்காக அயடீன் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். கருவாடு போட அது சரி, சோற்றுக்குச் சரியல்ல. 2025 மே மாதம் நாடெங்கும் உப்புத் தட்டுப்பாடு வந்தபோது பக்கெற்றின் விலை தாறுமாறாக ஏறியது. வீட்டில் இரண்டு பக்கெற் கூடுதலாக இருந்தவர்கள் அலையவில்லை.

பாதுகாப்பு: மலிவென்று நோயை வாங்காமல்

• முடிவுத் திகதிக்குக் கிட்டிய பொருள்தான் பெரும்பாலும் பெரிய கழிவில் வரும். ‘இந்தக் கிழமைக்குள் தீருமா?’ என்று மட்டும் கேளுங்கள். தீரும் என்றால் அது நல்ல வியாபாரம். பால்மா, குழந்தை உணவு ஆகியவற்றில் இந்த விளையாட்டு வேண்டாம்.

• உப்பிய ரின், விளிம்பிலோ பொருத்திலோ நசுங்கிய ரின், துருப்பிடித்த ரின் எதையும் பாதி விலைக்கும் எடுக்காதீர்கள். உப்பிய ரின்னுக்குள் வளரும் கிருமியின் நஞ்சு உயிரைக் குடிக்கும். முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பது பரிசோதனை அல்ல, ஆபத்து. ரின் மீனில் எஸ்.எல்.எஸ். சின்னத்தைத் தேடுங்கள். திறந்த ரின்னில் மிஞ்சியதைப் பீங்கான் கோப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

• பெயர் இல்லாத போத்தலில் வரும் மலிவுத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே பரபரத்தது. அதே நஞ்சு பூஞ்சணம் பிடித்த கச்சானிலும் செத்தல் மிளகாயிலும் இருக்கக்கூடும். கறுத்ததையும் மணம் மாறியதையும் தெரிந்து எறியுங்கள், கழுவி எடுக்க முடியாது.

• குளிரூட்டிய கோழி, தயிர், பட்டர் ஆகியவற்றைக் கடைசியாக எடுங்கள். மன்னார் மத்தியான வெயிலில் பஸ் புறப்படும்வரை காத்திருந்து பேசாலைக்குப் போவதற்குள் உறைந்த கோழி இளகிவிடும். இளகியதை மறுபடி உறையவைக்காமல் அன்றே சமையுங்கள்.

சேமிப்பில்தான் தீவுக்காரருக்குத் தனிப் பாடம். கடற்காற்றின் ஈரத்தில் சீனி கட்டியாகும், பால்மா கல்லாகும், பிஸ்கற் நமுத்துப்போகும். 1 கிலோ பால்மாப் பக்கெற் மலிவுதான், ஆனால் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் அது தீருமுன் கட்டிபட்டுவிடும். அவர்களுக்கு 400 கிராம் பக்கெற்தான் உண்மையில் மலிவு. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளிகளில் பருப்பையும் மாவையும் போடுங்கள். அரிசிக்குள் காய்ந்த வேப்பிலையும் சில செத்தல் மிளகாயும் போட்டால் வண்டு குறையும். வாளியை நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் வைக்கும் கடைக்காரரின் பழக்கத்தை வீட்டிலும் பழகுங்கள்.

பலகை என்றது ஈரத்துக்காக மட்டும் அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு அருவியாறு பெருகி, மன்னார் மாவட்டத்தில் ஊர்களும் வீதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. வெளியிலிருந்து லொறி வராத நாட்களில் கழிவு அறிவித்தலுக்கு மதிப்பில்லை. ஒக்ரோபர் முடியுமுன் இரண்டு கிழமைக்கான அரிசி, பருப்பு, சீனி, பால்மா, ரின் மீன், நெருப்புப்பெட்டி, குடிநீர் ஆகியவற்றை உயரமான இடத்தில் ஒதுக்குங்கள். விலை குறையும்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால் கையைக் கடிக்காது. வாடை முடிந்ததும் அதையே எடுத்துச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

பில் பிழைத்தால்

1. கடையை விட்டு வெளியேறுமுன் பில்லைப் பாருங்கள். தட்டில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை என்பது எந்தக் கடையிலும் நடக்கும். பழைய விலைச்சீட்டைக் கழற்ற மறந்திருப்பார்கள், அல்லது கழிவு முடிந்திருக்கும்.

2. சத்தம் போடத் தேவையில்லை. ‘தங்கச்சி, தட்டில 230 எண்டு ஒட்டியிருக்கு, பில்லில 245 விழுந்திருக்கு. ஒருக்காப் பாருங்கோ’ என்றால் போதும். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் முகாமையாளரைக் கேளுங்கள்.

3. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் அறவிட்டால், அல்லது விலையைக் காட்சிப்படுத்தாமல் விற்றால், அது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குரிய விஷயம். தொலைபேசி 1977. பில்லையும் பொதியையும் எறியாமல் வைத்திருங்கள். 2021இல் திருத்திய சட்டப்படி, உச்ச விலையை மீறும் தனி வியாபாரிக்குக் குறைந்தபட்சத் தண்டம் ஒரு இலட்சம் ரூபா, கம்பனிக்கு ஐந்து இலட்சம்.

4. பழுதான உணவு என்றால் பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். பொருளைக் கழுவாமல், பொதியோடு கொண்டுபோங்கள்.

வழமையான பிழைகள்

‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதை நம்பி, வீட்டில் யாரும் தொடாத நூடில்ஸை வாங்குவது. கழிவில் வந்த பெரிய சம்போ போத்தலை, பெரிதுதானே என்று தாராளமாக ஊற்றி, சிறிய போத்தல் தீரும் காலத்திலேயே தீர்ப்பது. மலிவாக வாங்கிய சீனியில் மிச்சம் பிடித்த 60 ரூபாவைப் பார்த்து, 500 ரூபாப் பிஸ்கற் ரின்னுக்கு உரிமை வந்துவிட்டதாக நினைப்பது. இவை மூன்றும் எல்லா ஊரிலும் உண்டு.

மன்னார்க் கரைக்கே உரிய பிழை வேறு. மீன்பிடிக் குடும்பத்தின் வருமானம் சம்பளம்போல் மாத முடிவில் வராது. பாடு நல்ல நாளில் கையில் ஆயிரங்கள் இருக்கும், காற்றுக் காலத்தில் வள்ளம் கரையிலேயே கிடக்கும். அந்த நாட்களில் வீட்டைக் காப்பது ஊர்க்கடையின் கொப்பிக் கணக்கு. காசு உள்ள நாளில் ரவுணுக்கும், காசில்லாத நாளில் ஊர்க்கடைக்கும் போனால் கடைக்காரர் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? ‘அண்ணை, இந்த மாதம் எழுதி வையுங்கோ’ என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்கவேண்டுமானால், காசு உள்ளபோதும் பாண், முட்டை, தேங்காய், மரக்கறி என்று அன்றாடச் சாமானில் ஒரு பகுதியை அங்கேயே வாங்குங்கள். கொப்பிக் கடனுக்குப் பொருளின் விலையில் ஐந்து பத்து கூடியிருந்தாலும், அடகுக் கடை வட்டியோடு பார்க்கும்போது அது சிறிது. ஆனால் கொப்பியை மாதம் ஒருமுறை உங்கள் கணக்கோடு ஒத்துப்பாருங்கள்.

பாடு நல்ல மாதத்தில் செய்யவேண்டியது ஒன்று: அந்தக் காசில் ஒரு பகுதியைப் பாலம் கடந்து வரும், கெட்டுப்போகாத சாமானாக மாற்றிவிடுங்கள். சவர்க்காரம், சலவைத்தூள், சீனி, தேயிலை, ரின் மீன். காற்றுக் காலம் தொடங்கும்போது கொப்பியில் எழுதவேண்டியது மரக்கறியும் பாணும் மட்டுமாக இருக்கும்.

பண்டிகைக் காலத்துக்கும் இதே ஒழுங்கு. நத்தார், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாளை ஒட்டி சதொசவிலும் சங்கக்கடைகளிலும் சலுகைப் பொதிகள் வரக்கூடும். 2025 ஏப்ரலில் அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபாப் பெறுமதியான உணவுப் பொதி 2,500 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட பொதிக்குப் பெயர்ப்பட்டியலும் முடிவுத் திகதியும் இருக்கும். பண்டிகைக்கு இரண்டு கிழமை முன்னரே கிராம அலுவலரிடம் கேட்டுவையுங்கள். அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். பொதியில் என்னென்ன இருக்கும் என்று தெரிந்தபின் மாதப் பட்டியலிலிருந்து அவற்றை வெட்டிவிட்டு மிச்சச் சாமானுக்குப் போங்கள்.